பள்ளிக்கூடம் பார்க்கும் படலம்

மார்ச் 11

கோகிலா சொல்லித்தான் இந்த டைரியை ஆரம்பித்திருக்கிறேன். மனதில் இருப்பதை எழுதிவிட்டால் வீட்டில் கத்துவது குறையும் என்று அவளுக்கு யாரோ சொன்னார்களாம். நான் கத்துவதில்லை, சத்தமாகப் பேசுகிறேன். பம்புசெட் கம்பெனியில் டெஸ்டிங் செக்‌ஷனில் நாளெல்லாம் மோட்டார்களுக்கு நடுவில் நிற்பவனுக்கு வேறு எப்படிப் பேச வரும்?

விஷயம் இதுதான். என் மகள் சஷ்டிகாவுக்கு எட்டு வயது, ஆட்டிசம். இதுவரை போய்க்கொண்டிருந்த பள்ளியில், இனி எங்களால் முடியாது என்று சிரித்த முகத்தோடு சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் கோகிலா லீவு போட்டுவிட்டு அவளோடு வீட்டில் இருக்கிறாள். ஜூனில் திரும்பிப் போகாவிட்டால் அந்த வேலைக்கு வேறு ஆள் வந்துவிடும். அதற்குள் சஷ்டிகாவுக்கு ஒரு சிறப்புப் பள்ளி பார்த்தாக வேண்டும்.

அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு பொருளில் எங்கே குறை இருக்கிறது என்று கண்டுபிடித்து ஒதுக்கி வைப்பதுதான் என் தொழில். கோயம்புத்தூரில் இத்தனை பள்ளிகள் இருக்கின்றன, ஒன்றுகூடவா தேறாது?

மார்ச் 15

முதல் பள்ளி. தகவல் தெரிந்து என் அக்கா சரோஜினி விடிந்ததும் வந்துவிட்டாள். எங்கள் சொந்தத்தில் பாதிக் கல்யாணங்கள் அவள் பேசி முடித்தவை. ஒன்றைப் பார்த்து முடிவு செய்வது என்றால் அவளுக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான். நாங்கள் நான்கு பேர், இரட்டைப்படையில் போகக் கூடாது என்று பக்கத்து வீட்டு ரிடையர்டு போஸ்ட்மாஸ்டரையும் காரில் ஏற்றினாள். ராகு காலம் முடியும்வரை தெருமுனையில் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அக்கா மடியில் ஒரு தாம்பாளம், அதில் வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, கல்கண்டு.

பள்ளி அலுவலகத்தில் இருந்த பெண்ணிடம் அக்கா கேட்ட முதல் கேள்வி, பூர்வீகம் எந்த ஊர் என்பது. பொள்ளாச்சிப் பக்கம் என்றதும் அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. போஸ்ட்மாஸ்டர் தண்ணீர் வசதி பற்றி விசாரித்தார். சஷ்டிகாவைப் பற்றிப் பேச எல்லோரும் மறந்துவிட்டோம். அவள் அங்கே இருந்த மீன்தொட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

கிளம்பும்போது அக்கா, “போயிக் கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்பறமுங்க” என்றாள். அந்தப் பெண் என்ன நினைத்தாளோ, எழுந்து நின்று கும்பிட்டாள்.

எனக்குப் பிடிக்கவில்லை. மீன்தொட்டி மோட்டார் ஒரு தினுசாக இரைந்துகொண்டிருந்தது. அதையே கவனிக்காதவர்கள் குழந்தையை எங்கே கவனிக்கப் போகிறார்கள்?

மார்ச் 22

இரண்டாவது பள்ளி. கேட்டைத் திறக்க வந்த வாட்ச்மேன் தும்மினார். அக்கா காரைத் திருப்பச் சொன்னாள். நானும் மறுபேச்சு பேசவில்லை.

மார்ச் 29

மூன்றாவது பள்ளி. வாசலில் பள்ளி முதல்வரின் ஆளுயரப் படம். மாலைதான் பாக்கி. படியேறும்போது நான் கோகிலாவின் காதில், ஆளைப் பார்த்தால் சீட்டுக் கம்பெனி நடத்துகிறவன் மாதிரி இருக்கிறான் என்று சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

முதல்வர் தான் வெளிநாட்டில் எடுத்த பயிற்சிகளைப் பற்றிப் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். சஷ்டிகா சொந்தமாகப் பேசுவது சில வார்த்தைகள்தான். ஆனால் காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்வதில் குறை வைக்க மாட்டாள். அவர் தண்ணீர் குடிக்க நிறுத்திய நேரம் பார்த்து, என் குரலிலேயே, என் இழுவையோடு, “சீட்டுக் கம்பெனி” என்றாள். போஸ்ட்மாஸ்டர் விழித்துக்கொண்டு எந்தக் கம்பெனி என்று கேட்டார். அவள் மறுபடியும் சொன்னாள்.

இடம் காலி இல்லை என்று சாயங்காலமே போன் வந்துவிட்டது. நாம்தான் வேண்டாம் என்று சொன்னோம் என அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 4

கோகிலா இன்று என்னோடு பேசவில்லை. வெயில் காரணமாக இருக்கலாம்.

ஏப்ரல் 7

அக்கா வீட்டுக்காரருக்குத் தெரிந்தவர் நடத்தும் மையம். முழுக்கக் கண்ணாடிக் கட்டடம். உள்ளே போக நாங்களும் செருப்பைக் கழற்றிவிட்டு நீல நிற உறை மாட்டிக்கொள்ள வேண்டும். அக்கா தாம்பாளத்துக்கும் ஒரு உறை கேட்டு வாங்கினாள்.

பெற்றோரைத்தான் முதலில் சோதிப்பார்களாம். என்னைச் சின்ன நாற்காலியில் உட்காரவைத்து, வண்ண வளையங்களை ஒரு குச்சியில் அடுக்கச் சொன்னார்கள். அடுக்கினேன். ஒரு வளையத்தின் உட்புறம் பிசிறு இருப்பதைச் சொல்லி அதை மட்டும் தனியாக வைத்தேன். எதிரே இருந்த இளைஞன் ஏதோ குறித்துக்கொண்டான். எனக்குக் கண் பார்த்துப் பேசும் பழக்கம் குறைவு என்றும், சத்தம், வழக்கம் இவற்றில் பிடிவாதம் அதிகம் என்றும் சொன்னான். வயதில் சின்னப் பையன். ஒருவரை முறைத்துப் பார்க்காமல் பேசுவதற்குப் பெயர் மரியாதை என்று அவனுக்குத் தெரியவில்லை. கோகிலா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

மூன்று மாடியிலும் சத்தமே இல்லை. அக்காவுக்கு அதுதான் பிடித்தது. பிள்ளைகள் ஓடி விளையாட இடம் எங்கே என்று கோகிலா கேட்டாள். ஒரு டிரெட்மில்லைக் காட்டினார்கள்.

ஏப்ரல் 16

கோகிலா எங்கேயோ விசாரித்துக் கண்டுபிடித்த பள்ளி. கணபதி தாண்டி, ஒரு கல்யாண மண்டபத்தில் நடக்கிறது. மண்டபத்துக்குப் பக்கத்தில் என்று நினைத்துவிட வேண்டாம், மண்டபத்துக்குள்ளேயேதான். உரிமையாளர் நல்ல மனதோடு விட்டுக்கொடுத்திருக்கிறார். ஒரே நிபந்தனை, முகூர்த்த நாட்களில் பள்ளிக்கு விடுமுறை.

நடத்துவது ஷகிலா டீச்சர். ஒல்லியாக, வேகமாக நடக்கிற அம்மாள். அவர் பின்னாலேயே நாங்களும் சுற்றினோம். மணமேடையில் நான்கு பிள்ளைகள் மணி கோத்துக்கொண்டிருந்தார்கள். சமையல்கூடத்தில் ஒரு பெரிய பையன் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தான், அது பாடமாம். மணமகன் அறையில் பேச்சுப் பயிற்சி. மணமகள் அறையில் ஒன்றும் கிடையாது. சத்தமும் வெளிச்சமும் தாங்காத பிள்ளைகள் வேண்டியபோது போய் இருந்துகொள்ள அதைக் காலியாக விட்டிருக்கிறார்கள்.

சஷ்டிகா நேராக அதற்குள் போய், அலங்கார மேஜைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டாள். நான் குனிந்து கூப்பிடப் போனேன். “அவங்களா வெளிய வரட்டும் சார்” என்றார் ஷகிலா டீச்சர். என் மகளை ஒரு ஆசிரியர் ‘அவங்க’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோரும் வெளியே போய் உட்கார்ந்தோம். வெகுநேரம் கழித்து அவளாகவே வந்தாள். வந்து, மேடையில் இருந்த மணிகளைப் பார்த்தாள்.

குறைகள்: மேடைக்குப் பின்னால் பிளாஸ்டிக் பூ மாலை பிய்ந்து தொங்குகிறது. கழிப்பறையில் ஒரு குழாய் சொட்டுகிறது. பந்திக் கூடத்தில் இன்னும் சாம்பார் வாசனை. அவளுக்கு ஒத்துவராது.

ஒரு இடம்தான் காலியாக இருக்கிறதாம். ஷகிலா டீச்சர் மே பாதி வரை பிடித்துவைப்பாராம். அதற்கு முன்னால் ஒருதரம் வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்க்க வேண்டும் என்றார்.

ஏப்ரல் 27

டீச்சர் வீட்டுக்கு வருகிறார் என்றதும் அக்கா புரிந்துகொண்டது வேறு. அவள் அகராதியில் அந்தப் பக்கத்தார் வீட்டுக்கு வருவதற்கு ஒரே அர்த்தம்தான். காலையிலேயே வந்து கேசரி கிளறினாள், வாழைக்காய் பஜ்ஜிக்கு மாவு கரைத்தாள், கூடத்தில் ஜமுக்காளம் விரித்தாள். சஷ்டிகாவுக்குப் பட்டுப்பாவாடை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்தாள். பட்டு அவளுக்கு ஆகாது என்று நான் சொன்னேன். ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்வாள் என்றாள் அக்கா.

பொறுத்துக்கொள்ளவில்லை. வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டபோது பாவாடை ஒரு பக்கம், பூ ஒரு பக்கம், சஷ்டிகா பழைய நைட்டியோடு கட்டிலுக்கு அடியில். அக்கா கையைப் பிசைந்துகொண்டு, பெண் குளித்துக்கொண்டிருக்கிறாள் என்று டீச்சரிடம் சொன்னாள். அந்த நேரம் கட்டிலுக்கு அடியிலிருந்து “பொண்ணு குளிக்குது” என்று அக்காவின் குரலிலேயே பதில் வந்தது.

ஷகிலா டீச்சர் கைப்பையை வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தரையில் படுத்து உள்ளே நகர்ந்து போய்விட்டார். அக்கா திகைத்து நின்றாள். வந்தவர்களுக்குப் பலகாரம் கொடுக்காமல் இருக்கக் கூடாதே. பஜ்ஜித் தட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். சற்று நேரத்தில் தட்டு காலியாகத் திரும்பி வந்தது. பிறகு கேசரியும் தண்ணீர் பாட்டிலும் போயின. காபி தம்ளரை மட்டும் எப்படித் தள்ளுவது என்று தெரியாமல் அக்கா முட்டி போட்டுக்கொண்டு பிடித்திருந்தாள்.

என்னிடம் கேட்க வேண்டியதையும் டீச்சர் அங்கிருந்தபடியே கேட்டார். என்ன சாப்பிடுவாள், எதற்குப் பயப்படுவாள், எப்போது சிரிப்பாள். நானும் கவிழ்ந்து படுத்துப் பதில் சொன்னேன். நான் மூடியைத் திறந்து கொடுத்தால்தான் தண்ணீர் குடிப்பாள், வேறு யார் கொடுத்தாலும் தொட மாட்டாள் என்பதை அழுத்திச் சொன்னேன். அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது டீச்சர் திறந்து கொடுத்த பாட்டிலை வாங்கி சஷ்டிகா தண்ணீர் குடித்தாள். பஜ்ஜி காரம், தாகமாக இருந்திருக்கும்.

மே 3

எனக்கும் கோகிலாவுக்கும் வாக்குவாதம். நான் மண்டபத்தின் குறைகளைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இட்லித் தட்டைத் துடைத்தாள். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

“உங்களுக்கு எந்தப் பள்ளிக்கூடமும் ஆகாதுங்க. சொர்க்கத்தையே காட்டுனாலும் குழாய் சொட்டுதும்பீங்க. அவ உங்கள உட்டுட்டு அரை நாள் இருந்துருவாளோன்னு பயம் உங்களுக்கு.”

அர்த்தமில்லாத பேச்சு. சஷ்டிகாவோடு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். தினமும் சாயங்காலம் நாங்கள் இருவரும் தண்ணீர் டேங்க் நிரம்பும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்காருவோம். ஒருவரோடு ஒருவர் பேச மாட்டோம். என் நாளிலேயே நல்ல நேரம் அதுதான். நான் பள்ளிக்கு விரோதி இல்லை. எனக்கு அவசரம் இல்லை, அவ்வளவுதான்.

மே 11

கண்ணாடிக் கட்டடமா, மண்டபமா என்று முடிவாகாததால், அம்மன் கோயிலில் பூ வாக்குக் கேட்டுவிடலாம் என்றாள் அக்கா. எங்கள் பக்கத்து வழக்கம்தான். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம், சிவப்புப் பூவை ஒரு பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் கண்ணாடிக் கட்டடம், சிவப்பு வந்தால் மண்டபம். எடுக்கப்போவது சஷ்டிகாவே.

நான் கொஞ்சம் முன்னதாகவே போய்ப் பூசாரியிடம் தனியாக ஒரு வார்த்தை பேசினேன். பேசியது என்ன என்று இங்கே தேவையில்லை. பொட்டலத்தில் பூவே இல்லாமலும் கட்டலாமா என்று சந்தேகம் கேட்டேன், அவ்வளவுதான். பூசாரி என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

தீபாராதனை ஆயிற்று. சஷ்டிகாவை முன்னால் நிறுத்தினோம். அவள் ஒன்றை எடுக்கவில்லை. கைக்கு ஒன்றாக இரண்டு பொட்டலங்களையும் எடுத்துக்கொண்டு கார் நிற்கும் திசையில் நடந்தாள். பின்னாலேயே ஓடி வாங்கிப் பிரித்தோம். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையும் சிவப்பும் கலந்தே இருந்தன.

அக்கா பூசாரியைப் பார்த்தாள். பூசாரி என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கோகிலாவைப் பார்த்தார். வேர்த்துவிட்டது அவருக்கு.

“ஆளாளுக்குத் தனியா வந்து ஒண்ணொண்ணு சொன்னா நான் என்னுங்க பண்றது? இந்தக்கா ரெண்டுலயும் வெள்ளையக் கட்டுங்குது, அந்தப் புள்ள ரெண்டுலயும் சிவப்பக் கட்டுங்குது, இவரு ஒண்ணுமே வேண்டாங்கறாரு.”

கோயில் வாசலில் மூன்று பேரும் வேறு வேறு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சஷ்டிகா காரில் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்தாள்.

மே 13

கோகிலா என்னைக் கேட்கவில்லை. ஷகிலா டீச்சருக்குப் போன் செய்து, வருகிறோம் என்று சொல்லிவிட்டாள். அம்மன் இரண்டுக்கும் சம்மதம் கொடுத்துவிட்டது, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். ஜூன் முதல் வாரத்திலிருந்து எந்த நாளில் வேண்டுமானாலும் வரலாமாம்.

கோயிலிலிருந்து வந்த இரண்டு நாளும் அக்கா முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளைச் சமாதானம் செய்ய, நாள் குறிக்கும் வேலையைக் கொடுத்தோம். காலண்டரைப் புரட்டி ஜூன் ஐந்தைப் பிடித்தாள். வைகாசியிலேயே இதைப் போல ஒரு நாள் கிடையாதாம், எல்லாப் பொருத்தமும் அமைந்த நாளாம். கண் பட்டுவிடும், தேதியை முன்கூட்டி யாரிடமும் சொல்லக் கூடாது, டீச்சரிடம்கூட வேண்டாம் என்று கோகிலாவிடம் சத்தியம் வாங்கினாள்.

தேதியைக் கேட்டதும் எனக்கு ஏதோ தோன்றியது. பிறகு மறந்துவிட்டது.

ஜூன் 5

எல்லாப் பொருத்தமும் அமைந்த நாள் என்றால் கல்யாணக்காரர்கள் சும்மா இருப்பார்களா? மண்டப வாசலில் வாழை மரம். நாதஸ்வரம். செருப்பு விட இடமில்லை. நாங்கள் காரை விட்டு இறங்கியதும் ஒரு பெண் பன்னீர் தெளித்தாள், ஒருத்தி சந்தனம் நீட்டினாள். அக்கா கையில் தாம்பாளம் இருந்ததால் எங்களைப் பெரிய இடம் என்று நினைத்து முன் வரிசைக்கு வழிவிட்டார்கள்.

கோகிலா தலையில் கைவைத்துக்கொண்டு ஷகிலா டீச்சருக்குப் போன் போட்டாள். நான், நாள் சரியில்லை, வீட்டுக்குப் போய்விடலாம், ஆடி கழித்துப் பார்க்கலாம் என்றேன். கொஞ்சம் உற்சாகமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. கோகிலா பார்த்த பார்வையை எழுத முடியாது.

அந்த நேரம் மேளம் வேகம் பிடித்தது. சஷ்டிகா காதைப் பொத்திக்கொண்டு என் கையிலிருந்து நழுவி ஓடினாள். பந்திக்குப் போகிற கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். வெளியே ரோடு. லாரிகள் போகிற ரோடு.

அவள் ரோட்டுக்குப் போகவில்லை. நேராக மணமகள் அறைக்குள் போய்விட்டாள். வாசலில் இரண்டு பெண்கள் என்னை நிறுத்தினார்கள். உள்ளே புடவை கட்டிக்கொண்டிருக்கிறார்கள், ஆம்பளைங்க வரக் கூடாது என்றார்கள். கதவு இடுக்கில் பார்த்தேன். பாதி நகையோடு கல்யாணப்பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் காலடியில், மேஜைக்கு அடியில், சஷ்டிகா. குழந்தையை வெளியே அனுப்பச் சொல்லி யாரோ அதட்டினார்கள். “இருக்கட்டும் விடுங்க, இந்தச் சத்தம் எனக்கே தலைய வலிக்குது” என்றாள் கல்யாணப்பெண்.

நான் வெளியே இருந்தபடி கூப்பிட்டேன். “கண்ணு, அப்பா வந்துட்டன். வா சாமி, வீட்டுக்குப் போலாம்.”

அவள் எழுந்து வந்தாள். நான் முட்டி போட்டுக் கையை விரித்தேன். என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு சற்று நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

எழுதத்தான் இந்த டைரி என்றால் எழுதிவிடுகிறேன். அங்கேயே, அந்தக் கூட்டத்துக்கு நடுவில், எனக்கு அழுகை வந்துவிட்டது. துண்டு இல்லை, கைக்குட்டை இல்லை, சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு அழுதேன். பட்டுச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் வந்து தோளைப் பிடித்தார். கல்யாணப்பெண்ணுக்கு நான் மாமனோ சித்தப்பனோ என்று நினைத்திருக்கிறார்.

“பொட்டப்புள்ளைய அனுப்பறதுன்னா அப்பிடித்தானுங்க. எம் புள்ள போனப்ப நான் ரெண்டு நாளு சோறு திங்கல.”

“போன எடத்துல இருந்துக்குவாளுங்களா?” என்று கேட்டேன்.

“அவங்க இருந்துக்குவாங்க. நாமதான் கெடந்து சாவோம். வாங்க, பந்தி போட்டாச்சு.”

இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்துவிட்டார். யார் கல்யாணம் என்றே தெரியாமல் இலையில் உட்கார்ந்து அழுதுகொண்டே சாப்பிட்டேன். பரிமாறுகிறவர்கள் பரிதாபப்பட்டு எனக்கு மட்டும் பாயசம் கூடுதலாக ஊற்றினார்கள். எதிர் வரிசையில் அக்கா மாப்பிள்ளை வீட்டாரிடம் யாருக்கோ வரன் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

ஷகிலா டீச்சர் வீட்டில் கட்டியிருந்த சேலையோடு ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். தாலி கட்ட எல்லோரும் மேடைக்குப் போன பிறகு அவரும் சஷ்டிகாவும் மட்டும் அந்த அறையில் இருந்தார்கள். பள்ளிக்கூடமே இல்லாத நாளில் என் மகள் சாயங்காலம் வரை பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

ஜூன் 9

இன்று நிஜமான முதல் நாள். கோகிலா லேபுக்குப் போய்விட்டாள். நான் லீவு போட்டேன். சஷ்டிகாவுக்கு நான் தேவைப்படலாம் என்று கம்பெனியில் சொல்லியிருக்கிறேன்.

வாசலிலேயே ஷகிலா டீச்சர் என்னை, நீங்க கிளம்புங்க சார் என்று சொல்லிவிட்டார். எதிர்ச்சாரி டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். கூப்பிட்டால் உடனே ஓட வேண்டுமே என்று போனைக் கையிலேயே வைத்திருந்தேன். சார்ஜ் இறங்கியதும் கடைக்காரரிடம் கெஞ்சி, பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த பிளக்கில் போட்டுக்கொண்டு நின்றேன். ஒருதரம் அடித்தது. கம்பெனியிலிருந்து, ஏதோ மோட்டார் விஷயம். பள்ளியிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. மத்தியானம் ஆயிற்று, அப்போதும் கூப்பிடவில்லை. அவ்வளவு வருத்தமாக இருந்தது. அவ்வளவு நிம்மதியாகவும் இருந்தது.

காலையிலிருந்து இங்கேயே நிற்கிறேனே, யாரையாவது பார்க்க வேண்டுமா என்று கடைக்காரர் கேட்டார்.

“எம் பொண்ணு அங்க படிக்கறாளுங்க” என்றேன்.

இந்த வாக்கியத்தை நான் யாரிடமும் சொல்லி எத்தனையோ நாளாயிற்று. சொல்லிப் பார்க்க நன்றாக இருந்தது. பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் கேட்கவே இல்லை, அவரிடமும் ஒருதரம் சொன்னேன்.